அடைமழையில் செட்டிநாட்டுக்கு வரலாமா?

அக்டோபர் 12 (வாசகர் ஒருவரின் கேள்வி)

டிசம்பர் முதல் வாரம் மூன்று நாள் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் அப்பா அம்மாவோடு போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி உண்டு. மழையில் செட்டிநாட்டுக்குப் போய் என்ன பார்ப்பாய், பொங்கல் கழித்துப் போ என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். போகலாமா, தள்ளிப்போடலாமா?

அக்டோபர் 12, இரவு

வாங்க. தள்ளிப்போட வேண்டாம். தை மாதம் வந்தாலும் அதே தூண்களும் அதே கதவுகளும்தான் இருக்கும். ஆனால் ஒரு செட்டிநாட்டு வீடு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பிறந்து வளர்ந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். அம்மா முப்பது வருடமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், நல்லது கெட்டதுக்கு வருவார்கள். அதனால் மழை பிடித்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் வளவு வாசலை, அதாவது வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்தை, நோக்கி உள்பக்கமாக இறங்கும். மழை பிடித்து முதல் பத்து நிமிடம் அம்மா எதையும் தொட மாட்டார். "ஓடு கழுவிக்கிறட்டும்" என்பார். ஓட்டில் கிடந்த தூசி, புறா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் காபி நிறத்தில் இறங்கிப் போகும். தண்ணீர் தெளிந்த பிறகுதான் மூலைத் தகரத் தாரைக்கு நேராகப் பித்தளை அண்டாவை இழுத்துப் போடுவார். அண்டாவின் வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டுவார். காலி அண்டாவில் தண்ணீர் விழும்போது கணகணவென்று இருக்கும். நிறைய நிறையச் சத்தம் கனத்து, கழுத்து வந்ததும் அடங்கிவிடும். சின்ன வயதில் இரண்டாங்கட்டில் பாயில் படுத்துக்கொண்டே எந்த மூலை அண்டா எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். மழைத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் மலர்ந்துவிடும் என்று அம்மா அதைச் சமையலுக்கு மட்டும் தனியாக எடுத்து வைப்பார்.

மிச்சத் தண்ணீர் வளவு வாசல் கல்லில் இருக்கும் துளை வழியாகச் சலதாரையில் இறங்கும். அந்தச் சலதாரை வீட்டுக்கு அடியிலேயே ஓடித் தெருக் கால்வாயில் சேரும். தெருக் கால்வாய் ஊருணிக்கு, அதாவது ஊர்க் குடிநீர்க் குளத்துக்குப் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக் கல்லையும் கப்பலில் இறக்கியவர்கள், குடிக்கிற தண்ணீருக்கு வானத்தைத்தான் நம்பினார்கள்.

இன்று மாலை எங்கள் ஊருணியில் தண்ணீருக்கு மேல் பதினான்கு படி வெளியே தெரிகிறது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 13

ஜூனிலேயே மழைக்காலம் தொடங்கிவிடுமே, டிசம்பரில் என்ன மழை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேரளத்துக்கும் குற்றாலத்துக்கும் ஜூனில் வருவது தென்மேற்குப் பருவமழை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே அது பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு ஆனி, ஆடியில் காற்றும் செம்மண் புழுதியும்தான். ஆவணி, புரட்டாசியில் சில நாள் சாயங்காலம் இடியோடு ஒரு மழை வரும், அரை மணி நேரத்தில் விட்டுவிடும். எங்களுடைய மழைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது.

அதுவும் தினமும் பெய்யாது. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றும். அப்புறம் நாலைந்து நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும். மூன்று நாள் பயணத்தில் மழையும் கிடைக்கலாம், வெயிலும் கிடைக்கலாம், இரண்டும் ஒரே மத்தியானத்தில் கிடைக்கலாம்.

அக்டோபர் 17

வழி கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவு காரைக்குடி வந்து சேரும். அப்பாவுக்கு அதுதான் வசதி. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மழை நாளில் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் பழைய வீடாக இருந்தால், அறை வளவைப் பார்த்து இருக்கிறதா, கழிப்பறைக்குப் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியவை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது வந்தவர்கள், அதனால்தான் இவ்வளவு உயரம் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் முகப்புக்கு ஏறவே ஆறு ஏழு படி இருக்கும், பல வீடுகளில் கைப்பிடியும் கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு மழையைவிட அதுதான் சிரமம்.

குன்றக்குடி மலைப்படியை மழையில் விட்டுவிடுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போங்கள். குடைந்தெடுத்த பாறைக்குள் கற்பகப் பிள்ளையார் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், வெளியே என்ன மழை பெய்தாலும் உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான்.

அக்டோபர் 19

இடையில் ஒருவர் செட்டிநாட்டில் 96 ஊர் என்று எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. இப்போது எழுபது சொச்சம் ஊர்தான் சொல்கிறார்கள். நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) குலக்கோயில்களான நகரக் கோயில்கள் மட்டும் அன்றும் இன்றும் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இந்தக் கோயில்களின் கல் பிரகாரத்தை மிஞ்சிய இடம் இல்லை. எனக்குப் பிடித்தது வைரவன்பட்டி. கூட்டம் இருக்காது, தூணில் உள்ள சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம், குளத்தில் மழை விழுவதையும் பார்க்கலாம்.

நவம்பர் 3

மூன்று நாளாக விட்டு விட்டு மழை. இந்தக் குளிருக்கு என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்குப் பலரும் மிளகுக் கோழி, நாட்டுக்கோழி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் மழை நாளுக்கு எங்கள் பக்கத்துப் பலகாரம் வெள்ளைப் பணியாரம்.

ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உளுந்துக்கு அவ்வளவுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்புப் போட்டு, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, வாணலியில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுக்க வேண்டும். இரண்டு சேர்த்து ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறவே கூடாது. ஓரம் சிவந்துவிட்டால் அம்மா அதை எங்களுக்குத் தள்ளிவிட்டு, வெளுத்ததை மட்டும் வந்தவர்களுக்கு வைப்பார். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் அரைத்த துவையல். மழையில் வளவுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்து, அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றாக வர வர, ஆறாமல் சாப்பிட வேண்டும். ஓட்டலில் மொத்தமாகப் போட்டு அடுக்கிவைத்தது இந்தக் கணக்கில் வராது.

ஊருணி: பதின்மூன்று படி.

நவம்பர் 7

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வேட்டங்குடிக்குப் போய்விட்டு வந்தேன். மழைக்காலத்தில் வருகிறவர்கள் பயணத் திட்டத்தில் இதைச் சேர்ப்பதே இல்லை, வருத்தமாக இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. 1977 முதல் சரணாலயம், மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம்தான். வடகிழக்கு மழையில் கண்மாய் நிறைந்தால் பறவை வரும், நிறையாவிட்டால் வராது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு என்று மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டாக இப்படித்தான். பறவை கூடு கட்டுகிற நேரம், சத்தம் போட்டால் பறந்துவிடும் என்று. எங்கள் ஊரில் தீபாவளியன்று வெடிக் குப்பை தெருக் கால்வாயில் கிடந்து மழையில் ஊறுகிறது. அங்கே பிள்ளைகள் மத்தாப்புகூட யோசித்துத்தான் கொளுத்துகிறார்கள். காலை ஆறரைக்குக் கண்மாய்க் கரையில் நின்றால் சிறகடிக்கும் சத்தமும் குஞ்சுகளின் கரகரப்பும் மட்டும் கேட்கும். உங்கள் அப்பா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம், நடக்கத் தேவையில்லை. தொலைநோக்கி இருந்தால் கொண்டு வாருங்கள்.

நவம்பர் 11

ஆத்தங்குடிக் கல் செய்யும் இடத்தை மழையில் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு: பார்க்கலாம், ஆனால் வேலை மெதுவாக நடக்கும். அதைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரைத்த வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும், கை அசையாமல் தூக்குவதில்தான் இருக்கிறது திறமை. அதன் மேல் சிமெண்டும் அந்த ஊர் மணலும் கலந்த பொடியைத் தூவி, பின்புறம் கெட்டிக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். காய்ந்த பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வேண்டும். பிறகு கண்ணாடியை எடுத்தால் பளபளவென்று முகம் தெரியும். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ கல்லும் அவ்வளவு வழவழப்பு. அடைமழையில் இது காயாது. போன வாரம் போனபோது பாதித் தட்டுகளில் ஈரக் கல்லை அடுக்கி வைத்துவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கூலி குறைகிற வாரம். நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள், நாலு கல்லாவது வாங்குங்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இன்னொன்று. இந்தக் கல் பதித்த தரையில் ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பல வருடம் ஆன தரையாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்த ஒரு அம்மா வளவுப் பத்தியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வாசலில் சாக்கு போடாதது எங்கள் தவறு. அன்றிலிருந்து மழை நாளில் வாசலுக்கு இரண்டு, வளவைச் சுற்றி நாலு என்று சாக்கு விரிக்கிறோம். நீங்களும் போகிற வீட்டில் சாக்கு இல்லாவிட்டால் கேளுங்கள். அப்பாவின் காலைத் துடைக்க ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

நவம்பர் 12

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது, திருத்த வேண்டும்.

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் வளவில் அண்டாக்கள் நாலும் வழிந்தன. ஆனால் ஊருணியில் படி பன்னிரண்டுதான். அவ்வளவு மழைக்கு ஒரே ஒரு படி! சரி, தண்ணீர் எங்கேதான் போகிறது என்று மறுபடி மழை பிடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு தண்ணீர் போகும் வழியே நடந்தேன்.

வீட்டுக்குள் எந்தக் குறையும் இல்லை. சலதாரைத் துளையில் தேங்காய் நார் அடைத்திருந்தது, எடுத்ததும் சுழித்துக்கொண்டு இறங்கியது. முகப்புப் படிக்குப் பக்கத்தில் தெருக் கால்வாயில் வந்து விழுகிறது. நம் வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரைக்கும் கால்வாயில் ஓட்டம் தெரிந்தது. அங்கே நின்றுவிட்டது. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, சாலை கால்வாய்க் கரையைவிட ஒரு முழம் உயரமாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாலையிலிருந்து எட்டுப் படி ஏறிய வீட்டுக்கு இப்போது ஐந்து படிதான். மூன்று படியைச் சாலை விழுங்கிவிட்டது, இதுவரை எனக்கு உறைக்கவேயில்லை. சாலைத் தண்ணீர் மண்ணையும் பாலிதீன் பைகளையும் கால்வாய்க்குள் தள்ளி அடைத்துவிட்டது. அதற்கு அப்பால் தண்ணீர் தெருவில் பரவி, கீழத்தெரு ஓட்டு வீடுகளின் வாசலில் தேங்கி நிற்கிறது. அங்கே ஒரு ஆச்சி முறத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். "உங்க பெரிய வீட்டுத் தண்ணிதேன் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

ஊருணி வாய்க்காலின் வாயில் போய்ப் பார்த்தேன். காய்ந்த ஆகாயத்தாமரையும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன. மழையில் நனைந்த ஒரு நாய் அதன் மேல் ஏறிப் படுத்திருக்கிறது.

வீடு, தெரு, ஊருணி மூன்றும் ஒரே கணக்கு என்று எழுதினேன். கட்டியவர்கள் போட்ட கணக்கு அதுதான். இன்றைக்கு நடுவில் இருக்கும் தெரு அந்தக் கணக்கில் இல்லை. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வருகிறவர்கள் எல்லோரும் தூணையும் கதவையும் படம் எடுக்கிறார்கள். வாசலில் இறங்கித் தெருக் கால்வாயைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும் முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கவில்லை.

நவம்பர் 13

இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்: மழை அழகு என்கிறீர்களே, ஓடு ஒழுகுவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று. நியாயமான கேள்வி.

ஒழுகுகிறது. எங்கள் வீட்டில் மேற்குப் பத்தியில் மூன்று இடம், இரண்டாங்கட்டில் ஐந்து இடம். நாட்டு ஓட்டை வரிசை வரிசையாக நெருக்கி வேய்ந்த கூரை அது. சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி வேய வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பணமும் ஒரு பிரச்சினை, ஆனால் அதைவிடப் பெரியது பங்கு. இந்த வீட்டுக்கு இன்றைய கணக்கில் பதினாறு புள்ளி, அதாவது பங்குள்ள பதினாறு குடும்பம். ஒவ்வொருவர் அறைக்கும் தனிப் பூட்டு. ஒழுகுவது பொதுப் பத்தியில். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். அதற்குள் ஒரு ஐப்பசி வந்துவிடும். உத்தரத்தில் ஈரம் ஏறினால் பர்மாத் தேக்கே ஆனாலும் எத்தனை வருடம் தாங்கும்? முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சு, தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கும். ஓதம் ஏறிய இடத்தில் உப்புப் பூத்துத் தோல் தோலாக உதிர்கிறது. காலையில் பெருக்கும்போது முறத்தில் சுண்ணாம்புத் தூள் விழும், அம்மா அதைக் குப்பையில் போட மனமில்லாமல் துளசி மாடத்து அடியில் கொட்டுவார்.

ராத்திரி மழை பிடித்தால் அம்மா எழுந்துவிடுவார். அறுபத்திரண்டு வயது. டார்ச் எடுத்துக்கொண்டு ஒழுகும் எட்டு இடத்துக்கும் வாளி, குண்டான், பழைய பால் கேன் என்று வைத்துவிட்டுப் படுப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஊற்றுவார். நான் சின்ன வயதில் காதால் கேட்டு மகிழ்ந்த அந்தச் சத்தத்துக்குப் பின்னால் யார் விழித்திருந்தார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அதனால் மழையில் வாருங்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வாருங்கள். வீட்டைக் காட்டுகிற ஆள் அன்று தூங்கியிருக்க மாட்டார். கட்டணச் சீட்டுப் பணம் அவருக்குப் போகாது. கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுங்கள்.

நவம்பர் 14

இன்னொரு திருத்தம். மழை பிடித்தால் எந்தத் திண்ணையிலும் ஒதுங்கலாம் என்று ஒருவருக்கு எழுதியிருந்தேன். திண்ணையில் ஒதுங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போகக் கூடாது. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள், அங்கே போங்கள். மற்றவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள்.

நவம்பர் 24

கால்வாய் விஷயம் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். பத்து நாளாகப் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. தெருப் பையன்கள் ஆறு பேர், நான், கீழத்தெருவிலிருந்து நாலு பேர், மண்வெட்டி எடுத்து இறங்கிவிட்டோம். கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்காரப் பெரியவர் போனில் பேசி ஜேசிபிக்குப் பணம் அனுப்பினார். "நாங்க சின்னப் பிள்ளையில அந்தக் கால்வாயில காகிதக் கப்பல் விட்டிருக்கோம்டா, ஊருணி வரைக்கும் போகும்" என்றார். ஏழாவது வீட்டிலிருந்து வாய்க்கால் வரை அடைப்பை எடுத்தோம். நாலு டிராக்டர் மண். அடியில் பழைய கல் பாவிய தளம் அப்படியே இருந்தது, ஒரு கல்கூடப் பெயரவில்லை. சாய்மானம் இன்னும் ஊருணியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

சாலை உயரத்தை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அப்படியே இருக்கிறது.

ஊருணி: பதினொன்று.

நவம்பர் 25

ராத்திரி மழை. ஒன்பது படி! காலையில் கீழத்தெரு ஆச்சி வாசலில் கோலம் போட்டிருந்தார், தண்ணீர் நிற்கவில்லை.

நவம்பர் 30

புயல் வந்தால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு. டிசம்பர் முதல் வாரம் பெரும்பாலும் மழை குறைந்துவிடும் என்று நான் முன்னால் ஒரு பதிலில் சொன்னதை அடித்துவிடுங்கள். டிசம்பரிலும் வங்கக் கடலில் தாழ்வு நிலைகள் வரும், யாரும் உறுதி சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது. கடலோரம் இல்லையே, நமக்கு என்ன என்று படுத்திருந்தோம். விடிந்து பார்த்தால் எங்கள் பக்கமும் மரங்கள் விழுந்து கிடந்தன, கரண்ட் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டு ஓடு நானூறுக்கு மேல் பறந்தது. பெரிய வீட்டு முகப்பில் அன்று தெருவே வந்து தங்கியது, பின்கட்டு அடுப்பில் விறகு வைத்து அம்மா எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் வர வேண்டாம், ஒரு வாரம் தள்ளி வாருங்கள். மஞ்சள் என்றால் வாருங்கள். கொசுவர்த்தி, டார்ச், அப்பாவின் மாத்திரை ஐந்து நாளைக்கு. இருட்டிய பிறகு தோட்டவாசல் பக்கம் டார்ச் இல்லாமல் போகக் கூடாது, மழையில் புற்றுக்குள் தண்ணீர் போய்ப் பாம்பு வெளியே வரும். செம்மண் பாதையில் காரை இறக்காதீர்கள். கண்மாய் மறுகால் பாய்ந்து ரோட்டைக் கடந்தால், எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

டிசம்பர் 9

கேள்வி கேட்டவர் அப்பா அம்மாவோடு வந்து போனார். 6-ஆம் தேதி வெயில், 7-ஆம் தேதி காலையிலிருந்து மழை. ஆத்தங்குடி போகிற திட்டம் நின்றுபோனது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன்.

அவர் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவராம், இத்தனை நாள் அதைச் சொல்லவே இல்லை. வளவுப் பத்தியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். தூணையோ மேற்கூரை வேலைப்பாட்டையோ அவர் பார்க்கவில்லை. சலதாரைத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்டா நிறைகிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டார். மழை கொஞ்சம் விட்டதும், முழங்கால் வலியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். மகன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. ஏழாவது வீட்டு முனையில் நின்று, சாலைத் தண்ணீர் கால்வாயில் விழும் இடத்தைக் காட்டி, "இங்க ரெண்டடி ஆழத்துக்கு ஒரு சில்ட் குழி வெட்டுங்க தம்பி. மண்ணு அதுல நிக்கும், தண்ணி மேல போகும். மாசத்துக்கு ஒருக்கா அள்ளிப் போடுங்க" என்றார். ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்புறம் படம் போட்டு அளவும் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் வெள்ளைப் பணியாரம். அம்மா வெளுத்ததை எல்லாம் அவருக்கே வைத்தார். அவர், "சிவந்ததைப் போடுங்கம்மா, அதுதான் மொறுமொறுன்னு இருக்கும்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊருணி: ஆறு.

ஜனவரி 6

நேற்றுப் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை முடிந்து இருபத்தொன்றாம் நாள், இருபத்தொரு நூலிழையைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம், இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். பெரிய வீட்டில் இந்த வருடம் நாலு புள்ளி வந்திருந்தார்கள். சாயங்காலம் எல்லோரும் வளவில் இருந்தபோது, காலம் தப்பிய ஒரு மழை, இருபது நிமிடம். மேற்குப் பத்தியில் ஒழுகியதை நாலு புள்ளியும் கண்ணால் பார்த்தார்கள். இதுவரை அவர்கள் வந்த நாளில் ஒரு முறைகூட மழை பெய்ததில்லை. ராத்திரி அங்கேயே பேசி, பங்குனிக்குள் மேற்குப் பத்தியை மட்டுமாவது பிரித்து வேய்வது என்று முடிவாயிற்று. மற்ற பன்னிரண்டு புள்ளிக்கும் போன் போட வேண்டும், அந்த வேலை என்னுடையது.

சில்ட் குழி வெட்டிவிட்டோம், பஸ் டிக்கெட்டில் இருந்த அளவுப்படியே. நேற்று மழைக்கு அதில் அரைக் கூடை மண் நின்றிருக்கிறது. இன்று காலை அள்ளிப் போட்டேன்.

ஊருணி: ஐந்து படி. தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆறாவது படி உள்ளே கிடப்பது மேலிருந்தே தெரிகிறது.